இரண்டு வருட விவசாய வணிகப் படிப்பு: காசு கட்டுவதற்கு முன் ஒரு கணக்கு

உயர்தரப் பரீட்சை முடிவுகளும் வெட்டுப்புள்ளிகளும் வெளியாகும் காலத்தில் எங்கள் ஊர்ப் பக்கம் துண்டுப்பிரசுரங்கள் பறக்கத் தொடங்கிவிடும். சந்தியில், பஸ் தரிப்பிடத்தில், ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது கூட யாராவது ஒருவர் கையில் திணித்துவிடுவார். அப்படியொரு கடதாசியோடுதான் சில மாதங்களுக்கு முன் என் தங்கச்சி வீட்டுக்கு வந்தாள். கூடவே அவளுடைய மகனும் வந்திருந்தான்.

"காக்கா, இந்தக் கடதாசிய ஒருக்காப் பாருங்க. இவனுக்கு வார மாசம் வகுப்புத் தொடங்குதாம். ஞாயிற்றுக்கிழமைக்குள்ள முதல் தவணை கட்டணுமாம். உம்மா தந்த மாலைய வெச்சிட்டுக் கட்டலாம் எண்டு இருக்கன்."

கடதாசியில் பச்சை வயலின் நடுவே கோட் அணிந்த ஓர் இளைஞர் மடிக்கணினியோடு நின்றார். "இரண்டே வருடத்தில் விவசாய வணிக முகாமைத்துவப் பட்டம்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். கீழே சிறிய எழுத்தில் கட்டணம்: 6 இலட்சத்து 40 ஆயிரம் ரூபா.

நான் விவசாயப் போதனாசிரியராக வேலை செய்து ஓய்வு பெற்றவன். குண்டசாலை விவசாயப் பாடசாலையில் இரண்டு வருடம் படித்துத்தான் அந்தத் தொழிலுக்கு வந்தேன். ஆகவே இந்தப் படிப்பை வேண்டாம் என்று சொல்வதற்கு நான் பொருத்தமான ஆள் இல்லை. படிக்கட்டும் என்பதுதான் என் விருப்பமும். ஆனால் மாலையை அடகு வைப்பதற்கு முன் மேசையில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போடுவோம் என்றேன். அன்றிரவு மூன்று பேரும் போட்ட கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். தொகைகள் எங்கள் குடும்பத்துக்குரியவை. உங்கள் வீட்டில் அவை மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.

முதலில், இது பட்டமா?

இலங்கையில் இரண்டு வருடத்தில் பட்டம் என்று ஒன்று கிடையாது. இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இலங்கைத் தகைமைச் சட்டகம் என்று ஒன்று இருக்கிறது. உயர்கல்வித் தகைமைகளை அது படிப்படியாக வரிசைப்படுத்துகிறது. ஒரு வருட முழுநேரப் படிப்புக்கு 30 திறமைப் புள்ளிகள். 30 புள்ளிகள் முடித்தால் டிப்ளோமா, அது 3 ஆம் மட்டம். 60 புள்ளிகள் என்றால் உயர் டிப்ளோமா, 4 ஆம் மட்டம். 90 புள்ளிகள் முடித்தால்தான் பொதுப் பட்டம், 5 ஆம் மட்டம். 120 புள்ளிகளுக்குச் சிறப்புப் பட்டம், 6 ஆம் மட்டம். ஆகவே இரண்டு வருடம் முழுநேரமாகப் படிக்கும் பிள்ளை, எல்லாம் ஒழுங்காக நடந்தால், உயர் டிப்ளோமா மட்டத்துக்கு வருகிறது. பட்டத்துக்கு இன்னும் ஒரு வருடமாவது வேண்டும். அந்தக் கடைசி வருடத்தைத்தான் சில நிறுவனங்கள் "டொப்-அப்" என்ற பெயரில் ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்த்து விற்கின்றன. அதற்குத் தனிக் கட்டணம். அது துண்டுப்பிரசுரத்தில் இருக்காது.

அமெரிக்காவில் இரண்டு வருடத்தில் முடியும் "அசோசியேட்" பட்டம் என்று ஒன்று உண்டு. அங்கே விவசாய வணிகத்தையும் அந்த மட்டத்தில் படிப்பிக்கிறார்கள். பெயரில் பட்டம் என்று இருந்தாலும் அங்கேயும் அது நான்கு வருடப் பட்டத்துக்குக் கீழ்ப்பட்டதுதான்.

தொழிற்கல்விப் பக்கம் இன்னொரு ஏணி இருக்கிறது. அதுதான் தேசிய தொழிற்றகைமை, நாம் என்.வி.கியூ. என்று சொல்வது. அதில் 7 மட்டங்கள். 5 ஆம் மட்டம் டிப்ளோமா, 6 ஆம் மட்டம் உயர் டிப்ளோமா, 7 ஆம் மட்டம் பட்டம். இதைப் பொறுப்பாகப் பார்ப்பது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு. 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது.

இங்கே பெற்றோர் பலர் ஏமாறுகிற ஓர் இடம் இருக்கிறது. ஒரு நிறுவனம் ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டிருப்பது வேறு, அது நடத்தும் குறிப்பிட்ட பாடநெறி தரச்சான்று பெற்றிருப்பது வேறு. "நாங்கள் பதிவு செய்யப்பட்ட நிறுவனம்" என்று சுவரில் சான்றிதழ் தொங்கலாம். உங்கள் பிள்ளை படிக்கப்போகும் பாடநெறி அதில் அடங்காமல் இருக்கலாம். கேட்கும்போது பாடநெறியின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயர் சொன்னால், அதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா என்று விசாரியுங்கள்.

மருமகன் மறுநாளே அந்த நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தான். "இரண்டு வருட முடிவில் கையில் கிடைக்கும் சான்றிதழில் என்ன எழுதியிருக்கும்?" என்று நான் சொல்லிக்கொடுத்த கேள்வியை அப்படியே கேட்டான். பதில் சொன்ன பிள்ளை கொஞ்சம் தடுமாறிவிட்டு "உயர் டிப்ளோமா" என்றது.

கடதாசியில் இல்லாத செலவு

கட்டணம் 6 இலட்சத்து 40 ஆயிரம் என்றுதான் தங்கச்சி நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். நாங்கள் ஒவ்வொன்றாக எழுதினோம்.

பதிவுக் கட்டணம் 25,000. பாடநெறிக் கட்டணம் நான்கு தவணையில் 640,000. பரீட்சைக்கும் கடைசிச் செயற்திட்டத்துக்கும் 60,000. மடிக்கணினி 150,000. இதுவரை 875,000.

அடுத்தது தங்குமிடம். நிறுவனம் எங்கள் மாவட்டத்தில் இல்லை. அறை வாடகை, சாப்பாடு, போக்குவரத்து, தொலைபேசி எல்லாம் சேர்த்து மாதம் 40,000 என்று வைத்தோம். 24 மாதத்துக்கு 960,000. ஆனால் இதை முழுதாகச் சேர்ப்பது சரியில்லை. வீட்டில் இருந்தாலும் பிள்ளை சாப்பிடத்தான் போகிறான். அவனுக்கு வீட்டில் ஆகும் செலவை மாதம் 10,000 என்று மதித்து, 240,000 ரூபாவைக் கழித்தோம். மேலதிகச் செலவு 720,000. ஆக மொத்தம் 15 இலட்சத்து 95 ஆயிரம்.

இனித்தான் யாரும் எழுதாத செலவு வருகிறது. மருமகன் உயர்தரம் எழுதிய பிறகு எங்கள் பக்கம் ஓர் உழவு இயந்திர உதிரிப்பாகக் கடையில் நிற்கிறான். மாதம் 35,000 கிடைக்கிறது. படிக்கப் போனால் அது நின்றுவிடும். கையிலிருந்து போகாத காசு என்பதால் இதைச் செலவாக நாம் பார்ப்பதில்லை. ஆனால் வீட்டுக்கு வராமல் போகும் காசும் செலவுதான். 24 மாதத்துக்கு 840,000.

எல்லாம் கூட்டினால் 24 இலட்சத்து 35 ஆயிரம் ரூபா. கடதாசியில் இருந்த தொகையைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. தங்கச்சி பேனையை வாங்கி, தானே இன்னொரு முறை கூட்டிப் பார்த்தாள்.

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அரசாங்கம் 2017 முதல் வட்டியில்லாக் கல்விக் கடன் ஒன்றை நடத்திவருகிறது. நம் மக்களில் பலர் வட்டிக்குப் பயந்து கடன் எடுக்காமல் இருப்பதால் இது பயனுள்ள திட்டம்தான். ஆனால் அது அங்கீகரிக்கப்பட்ட அரசசாரா நிறுவனங்களில் பட்டப்படிப்புப் படிப்பவர்களுக்கு உரியது. டிப்ளோமாவை நம்பி அந்தக் கடன் கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

திரும்பி வருவது எவ்வளவு?

"படிச்சு முடிச்சா அறுபதாயிரத்துக்குக் குறையாது மாமா" என்றான் மருமகன். விதை, பசளை, கிருமிநாசினி விற்கும் கம்பனிகளில் களப் பிரதிநிதியாகச் சேர்ந்தவர்கள் சிலரை எனக்குத் தெரியும். 60,000 என்பது மிகைப்படுத்திய தொகை இல்லை. அதையே வைத்துக்கொண்டோம்.

ஆனால் 60,000 முழுவதும் படிப்பின் பயன் இல்லை. படிக்காமல் கடையிலேயே நின்றிருந்தால் இரண்டு வருட அனுபவத்தோடு 42,000 ஆவது வாங்குவான். படிப்பு கொண்டுவருவது இரண்டுக்கும் இடையிலான 18,000 மட்டுமே. வருடத்துக்கு 2 இலட்சத்து 16 ஆயிரம். 24 இலட்சத்து 35 ஆயிரத்தை இதனால் பிரித்தால், போட்ட முதல் திரும்பி வர 11 வருடமும் சில மாதங்களும் ஆகும்.

சம்பளம் 75,000 கிடைத்தால்? வித்தியாசம் மாதம் 33,000 ஆகிறது. ஆறு வருடத்துக்குச் சற்றுக் கூடவாக எடுக்கும். இது பரவாயில்லை.

படித்த எல்லோருக்கும் அந்த வேலை கிடைக்குமா? பத்துப் பேர் படித்தால் ஏழு பேருக்குக் கிடைக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அப்போது வருடத்துக்கு எதிர்பார்க்கக்கூடிய மேலதிக வருமானம் 2 இலட்சத்து 16 ஆயிரம் இல்லை, 1 இலட்சத்து 51 ஆயிரம்தான். முதல் திரும்ப 16 வருடம்.

ஒரு வருடத்தோடு படிப்பை விட்டால்? வயலில் வெள்ளம் போனால், வாப்பாவுக்கு வேலை போனால், ஆங்கிலத்தில் பாடம் புரியாவிட்டால் பிள்ளைகள் நடுவில் நின்றுவிடுகிறார்கள். அப்படி நின்றால் ஏறத்தாழ 13 இலட்சம் போயிருக்கும். மிஞ்சுவது மடிக்கணினி மட்டும். முதல் வருடம் முடித்தவர்களுக்கு டிப்ளோமாச் சான்றிதழாவது கொடுத்து வெளியே விடும் நிறுவனங்கள் உண்டு. கொடுக்காதவையும் உண்டு. இதையும் கேட்டுவிட்டுத்தான் காசு கட்ட வேண்டும்.

அரச வழி ஒன்றும் இருக்கிறது

எங்கள் பிள்ளைகளுக்குச் சரியாகத் தெரியாத வழி இது. விவசாயத் திணைக்களம் நாட்டின் பல பாகங்களில் இலங்கை விவசாயப் பாடசாலைகளை நடத்துகிறது. குண்டசாலை, அங்குணகொலபெலஸ்ஸ, பெல்வெஹர, வவுனியா என்று பல இடங்களில் இருக்கின்றன. எங்கள் அம்பாறை மாவட்டத்தில் பாலமுனையிலும் ஒன்று இருக்கிறது. என்.வி.கியூ. 5, 6 ஆம் மட்டங்களுக்கான விவசாய டிப்ளோமா இந்தப் பாடசாலைகளில் படிப்பிக்கப்படுகிறது. விண்ணப்பம் கோரல் வர்த்தமானியிலும் திணைக்களத்தின் இணையத்தளத்திலும் வரும். உயர்தரத்தில் எந்தப் பாடங்களில் சித்தி வேண்டும் என்பதும் அதில் இருக்கும்.

தனியார் கட்டணத்தோடு ஒப்பிட்டால் இங்கே ஆகும் செலவு மிகக் குறைவு. பாலமுனை எங்கள் வீட்டிலிருந்து போய்வரக்கூடிய தூரம். போக்குவரத்து, கைச்செலவு மாதம் 10,000 என்று 240,000. புத்தகம், உடுப்பு, பயிற்சிச் செலவு 60,000. பாவித்த மடிக்கணினி ஒன்று 80,000. கடைச் சம்பளம் இல்லாமல் போவது இங்கேயும் 840,000. மொத்தம் 12 இலட்சத்து 20 ஆயிரம். படித்து முடித்தபின் அதே 60,000 சம்பள வேலை என்று வைத்தால் முதல் திரும்ப ஐந்தரை வருடத்துக்குச் சற்றுக் கூட. பத்துக்கு ஏழு என்ற கணக்கைப் போட்டாலும் எட்டு வருடம். தனியார் வழியில் ஆகும் காலத்தின் சரிபாதி.

குறைகளும் உண்டு. இடங்கள் மட்டுப்படுத்தப்பட்டவை. விண்ணப்பம் எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டும். பயிர் உற்பத்தித் தொழில்நுட்பத்துக்கு இருக்கும் இடம் வணிகப் பாடங்களுக்கு இல்லை. அரச நியமனம் கட்டாயம் கிடைக்கும் என்ற காலமும் போய்விட்டது. எங்கள் காலத்தில் டிப்ளோமா முடித்தால் போதனாசிரியர் நியமனம் வீடு தேடி வரும் என்ற நம்பிக்கை இருந்தது. இன்றைய பிள்ளை அதை நம்பிப் படிக்கக் கூடாது.

இசட் புள்ளி போதுமான பிள்ளைகளுக்கு நான்கு வருடப் பட்டம் இருக்கவே இருக்கிறது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடம், பேராதனை, வயம்ப, சபரகமுவ, றுகுணு, யாழ்ப்பாணம் என்று எத்தனையோ இடங்கள். கட்டணம் இல்லை. ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்குத் தகுதி பெறுவோரில் மூன்றில் ஒருவருக்குக்கூட அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைப்பதில்லை. மற்றவர்களைப் பார்த்துத்தான் அந்தத் துண்டுப்பிரசுரங்கள் அச்சாகின்றன.

வயல் உள்ள வீட்டுக்குக் கணக்கு வேறு

இவ்வளவும் சம்பளத்தை வைத்துப் போட்ட கணக்கு. மருமகனின் வீட்டில் மூன்று ஏக்கர் வயல் இருக்கிறது. அவன் வாப்பா 16 வருடமாகக் கத்தாரில். வயலைக் குத்தகைக்காரர் பார்க்கிறார். ஆகவே நான் இன்னொரு கடதாசியை எடுத்தேன்.

சென்ற பெரும்போகத்தில் அந்த மூன்று ஏக்கரிலும் ஏறத்தாழ 6,000 கிலோ நெல் விளைந்தது. அறுவடை இயந்திரம் கொட்டிய கையோடு, ஈரத்தோடு, வயலடியிலேயே வியாபாரிக்குக் கிலோ 95 ரூபாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். மொத்தம் 570,000. அந்தப் போகத்தில், 2025 பெப்ரவரியில், அரசாங்கம் நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபா, சம்பாவுக்கு 125, கீரிச் சம்பாவுக்கு 132 என உத்தரவாத விலை அறிவித்திருந்தது. அந்த விலைக்கு நெல்லின் ஈரப்பதன் 14 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

20 சதவீத ஈரத்தோடு இருக்கும் 6,000 கிலோவை 14 சதவீதத்துக்குக் காயவைத்தால் நிறை 5,580 கிலோவாகக் குறையும். 420 கிலோ குறைகிறதே என்றுதான் நம் ஆட்கள் பயப்படுகிறார்கள். ஆனால் 5,580 கிலோவை 120 ரூபாவால் பெருக்கினால் 669,600. வித்தியாசம் கிட்டத்தட்ட ஓர் இலட்சம். காயவைக்கும் கூலி, சாக்கு, ஏற்றுக்கூலி என்று 35,000 போனாலும் 64,000 ரூபாவுக்கு மேல் மிஞ்சும். ஒரு போகத்துக்கு, மூன்று ஏக்கருக்கு.

விவசாய வணிகம் என்றால் இதுதான். ஒரு கிலோ நெல்லை விளைவிக்க நமக்கு எத்தனை ரூபா ஆகிறது, எந்த நிலையில் விற்பது, யாருக்கு விற்பது, எவ்வளவு நாள் வைத்திருப்பது, அதற்கு எவ்வளவு செலவு என்று கணக்குப் பார்ப்பது. வட்டைக்குப் போய் இருபத்தைந்து வருடம் நான் கண்டது, விளைவிக்கத் தெரியாத விவசாயி எங்கள் பகுதியில் இல்லை. வரவு செலவு எழுதிவைக்கும் விவசாயி மிகச் சிலர். போகம் முடிந்ததும் கடைக்காரரின் பசளைக் கடனும் கிருமிநாசினிக் கடனும் போக எவ்வளவு மிஞ்சியது என்று கேட்டால், "அல்லாஹ் தந்தது" என்பார்கள். தந்தது அவன்தான். எழுதிவைப்பது நம் வேலை.

மருமகன் உடனே கேட்டான்: "மாமா, நீங்க இத அரை மணித்தியாலத்துல சொல்லித் தந்துட்டீங்க. பிறகு எதுக்கு ரெண்டு வருசம்?"

நல்ல கேள்வி. நான் அவனுக்குச் சொன்ன பதில் இது. ஒரு கணக்கை அரை மணித்தியாலத்தில் சொல்லலாம். ஆனால் ஒரு வங்கிக்குக் கொண்டுபோகக்கூடிய திட்ட அறிக்கை எழுத, நிறுவனமொன்றோடு முன்கூட்டிய கொள்வனவு உடன்படிக்கை செய்ய, ஏற்றுமதிக்குத் தேவையான தரச்சான்றுகளைப் புரிந்துகொள்ள, மண் பரிசோதனை அறிக்கையை வாசிக்க, ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதக் காலம் எடுக்கும். அதைவிட, கூடப் படிக்கும் நாற்பது பேர் பிற்காலத்தில் நாற்பது ஊர்களில் கம்பனியிலும் திணைக்களத்திலும் ஆலையிலும் இருப்பார்கள். எனக்குக் குண்டசாலையில் கிடைத்த பெரிய சொத்து அதுதான். அவசரத்துக்கு நல்ல விதைநெல் எங்கே இருக்கிறது என்று கேட்க எனக்கு எப்போதும் ஆள் இருந்தது.

ஆகவே வயலோ தோட்டமோ மாட்டுப் பண்ணையோ உள்ள வீட்டுப் பிள்ளைக்கு இந்தப் படிப்பின் பயன் சம்பளத்தோடு நிற்காது. படித்ததைப் போட்டுப் பார்க்க நிலம் இருக்கிறது. ஒன்றும் இல்லாத பிள்ளை வேலையை மட்டுமே நம்ப வேண்டும். அவனுக்கு முதல் பக்கத்துக் கணக்குத்தான் முழுக் கணக்கு.

கணக்குக்குள் அடங்காதவை

நம் நாட்டில் விவசாயம் தொழில்செய்வோரில் கால்வாசிப் பேருக்கு வேலை கொடுக்கிறது. ஆனால் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் அதன் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவு. பலர் உழைக்கிறார்கள், குறைவாகப் பெறுகிறார்கள் என்பதே இதன் பொருள். படித்தவன் வந்தால் மாற்றலாம் என்றும் சொல்லலாம். படித்தவனுக்கும் சம்பளம் கொடுக்க இந்தத் துறையில் காசு குறைவு என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை.

ஆபத்தும் கூடுதல். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே நாளில் தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீங்குவதற்குள் அந்தப் பெரும்போகம் போய்விட்டது. 2024 நவம்பர் இறுதியில் வந்த வெள்ளம் எங்கள் மாவட்டத்தில் விதைத்த வயல்களை மூடியது. களப் பிரதிநிதியின் விற்பனைக் கொமிசனும் இப்படியான வருடங்களில்தான் விழும். எந்தப் பாடநெறியும் இதைத் தடுக்காது. ஒரே பயிரில், ஒரே வருமானத்தில் எல்லாவற்றையும் போடாதே என்று கற்றுக்கொடுக்கும், அவ்வளவுதான்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் கேட்கிறார்கள். அவர்களுக்குக் களப் பிரதிநிதி வேலையின் அலைச்சல் சிரமம் என்று வீட்டார் தயங்கினால், உணவு பதனிடல், தரப் பரிசோதனை, நாற்றுமேடை, காளான், வங்கிகளின் விவசாயக் கடன் பிரிவு என்று வேறு பக்கங்கள் இருக்கின்றன. பாடநெறியில் இவற்றுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்துச் சேர்க்க வேண்டும். வீட்டிலிருந்து போய்வரக்கூடிய இடமாக இருந்தால் செலவில் பெரும்பகுதி அப்படியே குறையும்.

காசு கட்டுவதற்கு முன் எந்த நிறுவனத்திடமும் இந்த ஆறு கேள்விகளையும் கேளுங்கள். இரண்டு வருட முடிவில் சான்றிதழில் என்ன பெயர், எந்த மட்டம்? இந்தப் பாடநெறிக்குத் தரச்சான்று இருக்கிறதா? கடந்த இரண்டு அணிகளில் எத்தனை பேர் சேர்ந்து எத்தனை பேர் முடித்தார்கள்? முடித்தவர்களில் ஐந்து பேரோடு பேசலாமா? களப்பயிற்சி எங்கே, எத்தனை மாதம்? நடுவில் நின்றால் கட்டிய காசில் எவ்வளவு திரும்பும்? நல்ல நிறுவனம் இவற்றுக்குச் சந்தோசமாகப் பதில் சொல்லும். "ஞாயிற்றுக்கிழமைக்குள் கட்டாவிட்டால் இடம் போய்விடும்" என்பது இவற்றுக்குப் பதில் இல்லை.

மாலை யாருடையது?

கணக்கெல்லாம் முடிந்தபோது இரவு பத்து மணி தாண்டிவிட்டது. மச்சான் கத்தாரிலிருந்து குரல் பதிவு அனுப்பியிருந்தார். "நான் பட்டது போதும், அவன் இங்க வர வேணாம், என்ன செலவானாலும் படிக்கட்டும்" என்று. அதைக் கேட்டுத் தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போது மருமகன் என்னிடம் கேட்டான்: "மாமா, நீங்க படிக்கப் போகக்குள்ள இந்தக் கணக்கப் போட்டீங்களா?"

போடவில்லை. என் வாப்பா அரை ஏக்கர் வயலை ஈடு வைத்துத்தான் என்னைக் குண்டசாலைக்கு அனுப்பினார். நியமனம் கிடைத்துச் சம்பளம் வரத் தொடங்கியதும் மீட்டுவிடலாம் என்று இருந்தோம். கல்யாணம், வீடு, பிள்ளைகள் என்று வருடங்கள் ஓடின. அந்த அரை ஏக்கர் திரும்பி வரவேயில்லை. என் கணக்கை மட்டும் பார்த்தால் இலாபம்தான். சம்பளம் வந்தது, இப்போது ஓய்வூதியமும் வருகிறது. ஆனால் அந்த வயல் என் தம்பிக்கு வரவேண்டியது. அவன் கடைசிவரை கூலிக்கு உழவு இயந்திரம் ஓட்டினான். ஒரு நாளும் என்னிடம் அதைப் பற்றிக் கேட்டதில்லை. அவன் கேட்காததால் நானும் அதை எந்தக் கடதாசியிலும் எழுதவில்லை.

இதை அன்றிரவுதான் முதன்முறையாகத் தங்கச்சியின் முன்னால் வாய்விட்டுச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மருமகன்தான் சொன்னான்: "உம்மா, அந்த மாலை தங்கச்சிக்கு எண்டுதானே வெச்சிருக்கீங்க. அவளும் ஓ.எல். எழுதப் போறா. அவளுக்கும் படிக்க ஆசை இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை போனது, காசு கட்டவில்லை. மருமகன் கடை வேலையில் தொடர்கிறான். பின்னேரங்களில் ஆங்கில வகுப்புக்குப் போகிறான். அரச விவசாயப் பாடசாலைக்கு விண்ணப்பம் கோரும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறான். இடம் கிடைக்காவிட்டால், இரண்டு போகத்து மிச்சத்தைச் சேர்த்து, முதல் வருடக் கட்டணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தரச்சான்றுள்ள ஒரு தனியார் பாடநெறியைப் பார்ப்பது என்று முடிவு. அதற்கிடையில் ஒரு சிஆர் கொப்பி வாங்கி வாப்பாவின் மூன்று ஏக்கருக்கும் கணக்கு எழுதத் தொடங்கியிருக்கிறான். குத்தகைக்காரரோடும் பேசி, இந்தப் போகம் ஒரு ஏக்கர் நெல்லையாவது காயவைத்து விற்றுப் பார்ப்பது என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

பிள்ளைகளைப் படிக்கவிடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. விவசாயம் படிக்க எங்கள் சமூகத்தில் இன்னும் நிறையப் பிள்ளைகள் முன்வர வேண்டும். ஆனால் ஒரு பிள்ளையின் படிப்புக்கு வீட்டில் உள்ள இன்னொரு பிள்ளை சத்தமில்லாமல் விலை கொடுப்பது உண்டு. கணக்கு எழுதும்போது அந்தப் பெயரையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். அதன் பிறகும் அந்தப் படிப்புச் சரிதான் என்று எல்லோருக்கும் தோன்றினால், பிஸ்மில்லாஹ் சொல்லிக் காசைக் கட்டுங்கள்.